‘வேண்டும்’ என்றும் ‘லாம்’ என்றும்

எங்கள் பெரியம்மா ஊராட்சித் தலைவியாக இருந்தவள். 2006லிருந்து 2011 வரைக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆம்பூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம், அவ்வளவு சொன்னால் போதும். அந்த முறை தலைவர் பதவி தலித் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை. தலைவியான பிறகும் அதே வேலைதான், லீவு போட்ட நாளில் ஊராட்சி ஆபீஸ்.

ஒரு கோடையில் சேரிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்ய ஊராட்சிப் பணம் இருந்தது. தீர்மானம் போட்டாச்சு, செக் எழுதியாச்சு, பெரியம்மா கையெழுத்தும் போட்டாச்சு. ஆனால் ஊராட்சி செக்கில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் போட வேண்டும். சட்டம் அப்படி. துணைத்தலைவர் ஊர்த்தெருக்காரர். அவர் முடியாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. "நாளைக்கு வாம்மா" என்றுதான் சொன்னார். ஒன்றரை மாதம் நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று. சேரிப் பெண்கள் வயல் கிணறுகளுக்குக் குடத்தோடு நடந்தார்கள். கடைசியில் பெரியம்மா காதில் இருந்த கம்மலை அடகு வைத்து மோட்டாரை ஓட வைத்தாள்.

அந்த வாரம் ஒரு விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்திருந்தார். பெரியம்மா மனு கொடுத்தாள். "சட்டமன்றத்துல பேசறேம்மா" என்று வாங்கி உதவியாளர் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "நீ படிச்சவன்தானேடா. அங்க போய்ப் பேசினா இந்த ஆளு இங்க கையெழுத்து போட்டுடுவானா? அங்க இன்னாதான் பண்றாங்க?"

நான் அப்போது அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். சபாநாயகர், ஆளுநர், நிதி மசோதா எல்லாம் மனப்பாடம். அவள் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பல வருஷம் கழித்து அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே என்ன நடக்கிறது?

தமிழ்நாடு சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 234 பேர். இப்போது ஒரே அவைதான். 1986 வரை மேலவை ஒன்றும் இருந்தது. அரசியல் சட்டப்படி அப்படிப்பட்ட மேலவையில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை நகராட்சி முதலான உள்ளாட்சிகளின் உறுப்பினர்களே வாக்களித்து அனுப்ப வேண்டும். மேலவையை நான் புகழ வரவில்லை, அது யாருடைய சபையாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் உள்ளாட்சிக்காரர்கள் சட்டம் செய்யும் இடத்துக்குள் நுழைய இருந்த ஒரே வாசல் அதுதான். 1986இல் அதுவும் மூடப்பட்டது.

மிச்சமிருக்கும் அவைக்கு மூன்று வேலை. சட்டம் செய்வது, பணத்துக்கு அனுமதி தருவது, அரசைக் கேள்வி கேட்பது. வரவு செலவுத் திட்டம் வந்த பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும். ஊரக வளர்ச்சித் துறைக்கும் நகராட்சித் துறைக்கும் பேச ஒரு நாள் ஒதுக்குவார்கள். பல ஆயிரம் ஊராட்சிகளின் விதி அந்த ஒரு நாளில் பேசி முடிக்கப்படும். எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், அது விழும். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு என்று குழுக்கள் உண்டு. வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால் கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடாவை மீறினால் பதவியே போகும்.

இந்த 234இல் 44 தலித்துகளுக்கு, 2 பழங்குடிகளுக்கு. நம் பக்கத்தில் குடியாத்தமும் கே.வி.குப்பமும் தனித்தொகுதிகள். முன்பு பேரணாம்பட்டும் தனித்தொகுதியாக இருந்தது. 2008 மறுவரையறையில் அது மறைந்து, ஆம்பூர் பொதுத்தொகுதியாக வந்தது. தனித்தொகுதி என்பதால் நாம் மட்டும் ஓட்டுப் போட்டு நம் ஆளை அனுப்புகிறோம் என்று பொருளில்லை. 1932 பூனா ஒப்பந்தம் நம் தனி வாக்காளர் தொகுதியை எடுத்துக்கொண்டு கூட்டுத்தொகுதியில் இடங்களைக் கொடுத்தது. நிற்பவர் நம்மவர், ஜெயிக்க வைப்பவர்கள் எல்லோரும். ஆக 44 பேரும் இரண்டு பக்கத்திலிருந்து கட்டப்பட்டவர்கள். கீழே பெரும்பான்மை வாக்கு, மேலே கொறடா. அவர்களைத் திட்டுவது சுலபம். கட்டியிருக்கும் கயிறுகளையும் பார்க்க வேண்டும்.

கிணறு திறந்த கதை

சட்டசபைக்கும் உள்ளூருக்கும் நடுவே தலித்துகள் நிற்பது புதிதல்ல. 1920இல் எம்.சி.ராஜா சென்னை மாகாண சட்டசபைக்குள் போனார். 1923இல் இரட்டைமலை சீனிவாசன் போனார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் எல்லாச் சாதியாரும் புழங்கத் தடையில்லை என்று 1924இல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அரசாணையும் வந்தது.

ஆனால் அந்தச் சாலையும் கிணறும் யார் கையில் இருந்தன? ஊர்க்காரர்கள் நிரம்பிய உள்ளாட்சிகளின் கையில். சட்டசபை திறக்கச் சொன்னதை ஊர் மூடியே வைத்திருந்தது. அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அத்தனை கடுமையாகச் சாடியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. அவர் தந்த வரைவில் கிராமம் அல்ல, தனிமனிதரே அலகு. கிராமப் பஞ்சாயத்து பற்றிய 40ஆவது பிரிவு பிற்பாடு சேர்க்கப்பட்டது, அதுவும் கோர்ட்டில் கேட்க முடியாத வழிகாட்டும் நெறியாக.

நம் பகுதிக்கு இந்தக் கிணற்றுக் கதையில் இன்னொரு பாகம் உண்டு. சண்டை போட்டுத் திறந்த கிணறுகள் பாலாற்றுக் கரையில் தோல் கழிவுநீரால் கெட்டுப்போயின. டேனரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்ற ஆய்வு விவரம் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட் அதே கேடு பற்றி மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. குடிதண்ணீர் கொடுப்பது ஊராட்சியின் கடமை. ஆனால் அந்தத் தண்ணீரைக் கெடுக்கிற ஆலையை நிறுத்த ஊராட்சிக்கு என்ன பலம் இருந்தது? ஜனங்கள் டெல்லி கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. கடமை கீழே, அதிகாரம் மேலே. பெரியம்மாவின் செக்கிலும் இதே கணக்குதான்.

இரண்டு வினைச்சொற்கள்

1993இல் அரசியல் சட்டத்தின் 73, 74ஆவது திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு ஏற்றபடி நம் சட்டமன்றம் 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைச் செய்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தின ஊராட்சித் தேர்தல் 1986இல். நடுவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாத வருஷங்கள் இருந்தன.

அந்தத் திருத்தங்களை உட்கார்ந்து வாசிக்கும்போது இரண்டு வினைச்சொற்கள் கண்ணில் படும். மக்கள்தொகைக்கு ஏற்ப தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும். இவை ‘வேண்டும்’. ஊராட்சிக்கு என்ன அதிகாரம், என்ன வேலை, எந்த வரி? 11ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் வரிசையாக இருக்கின்றன, குடிதண்ணீர் உட்பட. நகராட்சிக்கு 12ஆவது அட்டவணையில் 18. இவற்றை மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்து கொடுக்கலாம். இது ‘லாம்’.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கிறது? நாற்காலி கட்டாயம், அதில் உட்கார்ந்தவருக்கு என்ன அதிகாரம் என்பது சட்டமன்றத்தின் விருப்பம். உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் 5ஆவதாக இருக்கும் பொருள். துணைத்தலைவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதியது சட்டமன்றம். ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கக் கலெக்டருக்கு அதிகாரம் கொடுத்ததும் சட்டமன்றம். நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பதா என்பதும் அதன் கையில்தான். 1996இல் மக்கள், 2006இல் கவுன்சிலர்கள், 2011இல் மறுபடி மக்கள், 2022இல் மறுபடி கவுன்சிலர்கள்.

ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டு அந்த இடத்துக்குரிய சக்தியைக் கையிலேயே வைத்துக்கொள்வது நியாயமா? இதை நான் ஒரு தார்மீகக் கேள்வியாகவே கேட்கிறேன். ஏனென்றால் நாற்காலியில் உட்கார்ந்தவரைத்தான் ஜனங்கள் கேட்பார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் "காலனிக்காரிய உட்கார வெச்சா இப்படித்தான்" என்பார்கள். அதிகாரம் இல்லாததால் வரும் தோல்வியை நம் சாதியின் தோல்வி என்று ஊர் கணக்கெழுதும். வெறும் நாற்காலியைக் கொடுப்பது ஒன்றுமே கொடுக்காததைவிடச் சில சமயம் மோசம் என்று தோன்றுகிறது.

‘வேண்டும்’ கூட நழுவும்

சரி, கட்டாயம் என்று எழுதினதாவது நடந்ததா? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை என்று தொடுக்கப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதத்தில் நடத்தியிருக்கலாம். அதற்குப் பதில் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்கள் காலம் முடிய முடிய சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வரும், நிறைவேறும், மறுபடி நீளும். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோது ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டார்கள், புதிதாகப் பிரித்ததால் எல்லை வரையறை முடியவில்லை என்று. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து பிறந்த நம் திருப்பத்தூர் மாவட்டமும் அதில் ஒன்று. நமக்கு ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில். நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. ஐந்து வருஷம், அதற்கும் மேலே.

அந்த ஐந்து வருஷமும் ஒதுக்கப்பட்ட நாற்காலிகள் எங்கே போயின? எத்தனை தலித் பெண்கள் தலைவியாக வந்திருப்பார்கள்? 2016இல்தான் பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீதம் என்று இதே சட்டமன்றம் சட்டம் செய்தது. அதே வருஷம் நாற்காலிகளே இல்லாமல் போயின. ஒன்றிய அரசிடமிருந்து வர வேண்டிய நிதிக்குழு மானியமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று தடைபட்டது. ஆட்சி மாறிய பிறகு பழக்கம் மாறியதா? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களுக்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் இறந்தால் ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் வைப்பவர்கள், கீழே இருக்கும் சபைகளுக்கு வருஷக்கணக்கில் ஆள் இல்லாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

மலைமேல் ஒரு நாற்காலி

இனி சொல்லப்போவதை நம்மில் பலர் பேச விரும்பமாட்டார்கள். 2021 தேர்தலில் ஆம்பூருக்கு மேலே, மாதனூர் ஒன்றியத்து நாயக்கனேரி மலை ஊராட்சித் தலைவர் பதவி தலித் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். அவர்கள் எதிர்த்தார்கள், தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஒரே ஒரு தலித் பெண் மனு போட்டார், போட்டியின்றித் தேர்வானார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேர்வானவர் பதவியேற்க முடியவில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி என்றால் நமக்குச் சந்தேகமே இல்லை. 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தலை நடக்கவிடாமல் செய்தது ஆதிக்கச் சாதி. 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது ஆதிக்கச் சாதி. நாயக்கனேரியை அந்த வரிசையில் வைக்க முடியுமா? எதிர்த்தவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான். ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று மலைக்கு எல்லாமே கடைசியில்தான் வந்து சேரும். அதற்காக, சட்டப்படி தேர்வான ஒரு தலித் பெண்ணை நாற்காலிக்கு வெளியே நிறுத்துவதை நியாயம் என்றும் நம்மால் சொல்ல முடியாது. அவர் யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. அரசு இது உன் இடம் என்றது, அவர் மனு போட்டார்.

இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்று கேட்டால் கேள்வியே தப்பு என்பேன். இந்தச் சண்டையை மூட்டிவிட்ட மூன்றாவது ஆளைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம் நிலம்கூட அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் வருஷத்து ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இங்கே செல்லாது. அந்தச் சட்டம் நடக்கும் இடங்களில் ஊராட்சித் தலைவர் பதவி பழங்குடிகளுக்கே, கிராமசபைக்கும் தனி அதிகாரம் உண்டு. அப்படி ஒரு ஏற்பாடு மலையிலும், தலித்துகள் திரளாக வாழும் சமவெளி ஊராட்சிகளில் நமக்கு உரியதும் இருந்திருந்தால், இந்த ஒரு நாற்காலிக்காக இரண்டு பேரும் கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்திருக்குமா? ஒதுக்கீட்டுப் பட்டியல் எங்கோ ஒரு மேசையில் போடப்படுகிறது. அதை வரைந்த கை யாருக்கும் தெரிவதில்லை. கீழே இருப்பவர்களுக்கு எதிரில் நிற்கும் இன்னொரு கீழே இருப்பவர்தான் தெரிகிறார்.

காவலும் சாவியும்

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். சட்டமன்றம் அதிகாரத்தைக் கீழே விட வேண்டும் என்று நாம் சொல்கிறோம். முழுசாக விட்டால் அது யார் கைக்குப் போகும்? நிலம் வைத்திருப்பவன், வட்டிக்கு விடுபவன், தெருவில் ஆள்பலம் உள்ளவன் கைக்குப் போகும். கிராமத்திடமிருந்து தப்பிக்கத்தான் நாம் எப்போதும் மேலே பார்த்தோம். சட்டசபையைப் பார்த்தோம், கோர்ட்டைப் பார்த்தோம், கலெக்டரைப் பார்த்தோம். "பஞ்சாயத்துக்கு அதிகாரம் குடுத்தா நமக்குத்தான் ஆபத்து, தோழர்" என்று நம் கூட்டங்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பயந்து சொல்வதல்ல, பட்டுச் சொல்வது.

ஆனால் மேலே வைத்தால் பெரியம்மா பொம்மை. கீழே விட்டால் ஊர் ராஜாங்கம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று காவல்: தேர்தலைக் காலத்தில் நடத்துவது, ஒதுக்கீட்டைக் காப்பது, தேர்வானவரை உட்காரவிடாமல் செய்பவரைத் தண்டிப்பது. மற்றது சாவி: பணம், வேலை, முடிவு. காவல் மேலே இருக்க வேண்டியது, ஏனென்றால் கிராமம் தன்னைத்தானே காவல் காக்காது. சாவி கீழே வர வேண்டியது, ஏனென்றால் தண்ணீர் வராத தெருவில் வாழ்பவருக்குத்தான் எந்த மோட்டார் எரிந்தது என்று தெரியும். நம் சட்டமன்றம் நேர்மாறாகச் செய்துவந்திருக்கிறது. காக்க வேண்டிய நேரத்தில் நழுவிவிட்டு, கொடுக்க வேண்டிய சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்பேத்கர் கேட்டது காவல். அவர் பெயரைச் சொல்லிச் சாவியைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிட உரிமையில்லை.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன? தனி அலுவலர் காலத்தை நீட்டும் மசோதா இனி வந்தால், 46 தனித்தொகுதி உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் எழுந்து, எத்தனை ஒதுக்கீட்டு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன என்ற கணக்கை அவையில் கேட்க வேண்டும். கேள்வி கேட்பதைக் கொறடாவால் தடுக்க முடியாது, கட்சித்தாவல் சட்டம் வாக்குக்குத்தான். தனி ஊராட்சிகளில் செக்குக்குத் துணைத்தலைவர் இத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். ஒதுக்கீட்டுப் பட்டியல் வருமுன் அதன் மக்கள்தொகைக் கணக்கு கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும், நாயக்கனேரி மறுபடி நடக்காதிருக்க. மலைப்பகுதிகளை அட்டவணைப் பகுதியாக அறிவிக்கச் சொல்லும் கோரிக்கையில் பழங்குடிகளோடு தலித் இயக்கங்களும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் நாம் இதுவரை போதுமான அளவு செய்யவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரியம்மா கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிகிறது. எம்.எல்.ஏ. அங்கே பேசியிருந்தால் துணைத்தலைவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தக் கையெழுத்து வேண்டும் என்று எழுதியதே அங்கேதான். எழுதியவர்களால் திருத்தவும் முடியும். அவர்கள் பெரியம்மாவுக்குப் பேச்சைக் கொடுத்தார்கள், திருத்தத்தைக் கொடுக்கவில்லை.

போன மாதம் இதை அவளிடம் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிவிட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்பவே இது தெரிஞ்சிருந்தா மனுவ வேற மாதிரி எழுதியிருப்பேன்டா. மோட்டார் வேணும்னு எழுதினேன். சட்டத்த மாத்துன்னு எழுதியிருக்கணும்."

அடகு வைத்த கம்மல் திரும்பி வரவில்லை. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப்போனது.